அக்காவின் புழு அறை

சின்னவள் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். சந்தின் கடைசி வீடு. பூட்டோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கதவை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினால்தான் திறக்கும் என்று அக்கா சொல்லியிருந்தாள். உள்ளே கால் வைத்ததும் வாசனைதான் முதலில் வந்து முகத்தில் மோதியது. நாற்றம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. ஈரம் பட்ட மாவை டப்பாவில் போட்டு மூடி மறந்துவிட்டால் வருமே, அந்த மாதிரி.

அப்புறம் சத்தம்.

மழையோ என்று ஜன்னலைப் பார்த்தாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. காய்ந்த இலைமேல் தூறல் விழுகிற அந்தச் சத்தம், கூடத்தைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, பின்னறைக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பள்ளிக்கூடச் சீருடை தைத்துத் தைத்துக் கண் மங்கிப்போன பிறகு தையல் மெஷினை விற்றுவிட்டு, பின்னறையில் மாவுப்புழு வளர்க்க ஆரம்பித்தாள். பறவைக்கடைக்காரர் வாரந்தவறாமல் வந்து வாங்கிப் போவார். அடிபட்ட குருவி, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு என்று யாராவது தூக்கிக்கொண்டு வந்தால் அதற்கும் ஒரு கிண்ணம் அள்ளிக் கொடுப்பாள். உறவுக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். "பெத்து வளக்கக் கொடுத்து வைக்கல, புழுவாச்சும் வளக்கிறேன்" என்று அவளே சிரித்துக்கொண்டு முந்திக்கொள்வாள். அதற்குமேல் யார் என்ன பேச முடியும்?

இப்போது அந்த அக்கா குடலில் அறுவை முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தங்கைக்கு ஒரே ஒரு வேலைதான் சொல்லியிருந்தாள்.

"சின்னு, நான் வர்றவரைக்கும் அதுங்களைப் பாத்துக்க. தண்ணிய ஊத்திராதே, தவிடு பூசணம் பூத்துப்போயிடும். கேரட்டை மெல்லிசா சீவி மேல வச்சாப் போதும், அதுலேருந்து உறிஞ்சிக்கும். அப்புறம் இந்த தூங்குமூஞ்சிங்க இருக்கே, வெள்ளையா சுருண்டு படுத்திருக்கும், அதுங்களைப் பொறுக்கித் தனியா வச்சிடு."

"எதுக்குக்கா தனியா?"

"அதுங்களால நகர முடியாதுடி. மத்ததுக்குத் தாகம் எடுத்துச்சுன்னா நகர முடியாததைத்தான் மொதல்ல கடிக்கும். உள்ள ஈரம் இருக்குல்ல."

சின்னவள் பின்னறைக் கதவைத் திறந்தாள். ஜன்னலில் கறுப்புத் துணியை ஆணி வைத்து அடித்திருந்ததால் பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. விளக்கைப் போட்டாள். சுவரோரம் இரும்பு அலமாரி, அதில் அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் டிரேக்கள். ஒன்றை இழுத்ததும் தவிடு மெல்ல அசைந்தது. அப்புறம் தவிடே இல்லை, எல்லாம் புழுதான் என்பது போலத் தெரிந்தது. பொன்னிறத்தில், விரல்நகம் அளவு, ஒன்றன்மேல் ஒன்றாக. இடையிடையே வெளுத்த கூட்டுப்புழுக்கள் கையைக் காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு, பச்சைப்பிள்ளை தூங்குவது மாதிரி கிடந்தன. ஒன்றை எடுக்க விரலை நீட்டினாள். அது இடுப்பை வெடுக்கென்று ஒரு திருகு திருகியது.

டிரேயைத் தள்ளிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தியவள்தான். திரும்ப அந்தப் பக்கம் போகவில்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அக்காவின் மூக்கில் குழாய். உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. வாய்வழியாக ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாதாம். ஈரத்துணியால் உதட்டை மட்டும் ஒற்றிவிடலாம் என்று நர்ஸ் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் துணியும் வைத்துவிட்டுப் போனாள். சின்னவள் இரண்டு தடவை ஒற்றினாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டே அந்தத் துணியை உதட்டால் கவ்விப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. துணி வழியாக அந்த உதட்டின் சொரசொரப்பு விரலில் பட்டபோது சின்னவளுக்குப் பின்னறையில் திருகிய அந்த வெள்ளைப் பூச்சிதான் நினைவுக்கு வந்தது. துணியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"புழுவுக்குச் சாப்பாடு வைக்கணும்கா. நேரமாச்சு."

"ஆமா ஆமா, நீ போ," என்றாள் அக்கா.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாமா என்று யோசித்துக்கொண்டே புருஷனுக்குப் போன் செய்தாள். அவர் வேலை செய்யும் இடத்தில் லாரி சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சத்தத்துக்கு நடுவே கத்திப் பேசினார்.

"நீ போய் என்ன பண்ணப்போற? அங்க டாக்டர் இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க. நீ பக்கத்துல உக்காந்தா புண்ணு சீக்கிரம் ஆறிடுமா? பேசாம ரெஸ்ட் எடு. உனக்கும் என்னைக்குத்தான் லீவு கெடைக்குது."

யாராவது அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் அவள் காத்திருந்தாள். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பில் உட்கார்ந்து போன் எடுப்பவள் அவள். அக்காவுக்கு அறுவை என்று சொல்லித்தான் லீவு வாங்கியிருந்தாள். எத்தனையோ வருஷத்துக்கப்புறம் முதல் தடவையாக ஒரு வீடு முழுக்க அவளுக்கே அவளுக்கு. யாருக்கும் சமைக்க வேண்டாம், யார் துணியையும் துவைக்க வேண்டாம். சோபாவில் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்தாள். சுகமாகத்தான் இருந்தது. அதுதான் பிற்பாடு அவளை அறுத்தது.

இப்படியாக ஒரு பொய் இன்னொரு பொய்க்கு முட்டுக்கொடுத்தது. புழுவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. புழுவையும் பார்க்கவில்லை.

அக்கா தினமும் கூப்பிட்டாள். நர்ஸ்தான் போனைக் காதருகே பிடித்துக்கொள்வாள் போலிருந்தது.

"கேரட் வச்சியா?"

"வச்சேன்கா."

"தூங்குமூஞ்சிங்க?"

"எல்லாத்தையும் பொறுக்கிட்டேன். ஒரு டப்பா நிறைய இருக்கு."

"என் தங்கம்," என்றாள் அக்கா. அவள் குரல் நாளுக்கு நாள் காய்ந்துகொண்டே வந்தது. பிறகு நர்ஸின் குரல் வந்தது. "ஏம்மா, நீங்க ஒருத்தர் வந்து கூட இருந்தா நல்லாருக்கும். வாய் வறண்டு போகுதுன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. எங்களுக்கு இங்க ஆள் பத்தலை."

"நாளைக்குக் கண்டிப்பா வந்துடறேன் சிஸ்டர்."

பின்னறைச் சத்தம் மாறிக்கொண்டிருந்தது. முதலில் தூறலாக இருந்தது. இப்போது டிரேயின் பக்கச் சுவர்களைப் பிறாண்டிப் பிறாண்டி வழுக்கி விழுகிற சத்தமாகிவிட்டது. தாகம் என்று அவளுக்குத் தெரியும். கூடையில் கேரட் இருந்தது. கத்தி இருந்தது. பத்தடி நடந்தால் போதும்.

அவள் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.

கடைசியாக அக்கா கூப்பிட்டது ஒரு மத்தியானம். வெகுநேரம் மூச்சுதான் கேட்டது.

"சின்னு."

"சொல்லுக்கா."

"அதுங்க சத்தம் போடுதா?"

"இல்லக்கா. தின்னுட்டு அமைதியா இருக்கு."

மறுமுனையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம் வந்தது.

"எனக்குக் கேக்குதே."

மறுநாள் காலை சின்னவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. விடியும்போது போய்விட்டாளாம். உள்ளே சீழ் பிடித்துவிட்டது, எவ்வளவோ பார்த்தார்களாம். நர்ஸ் அவளைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"தண்ணி கேட்டுக்கிட்டே இருந்தாங்க. தங்கச்சி வந்துக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லி வச்சோம்மா," என்றாள்.

அடக்கம் முடிந்தது. வந்த நாலு உறவுக்காரர்களும், கடைசி வரைக்கும் கூட இருந்து பார்த்துக்கொண்டாயே என்று அவள் கையைப் பிடித்துக் கண் கலங்கினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் அவர்கள் துக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். புருஷன் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று கிளம்பிவிட்டார். வீட்டைக் காலி செய்ய அவள் மட்டும் தங்கினாள்.

அப்போதுதான் பின்னறையைத் திறந்தாள்.

கூட்டுப்புழு ஒன்றுகூட முழுசாக இல்லை. வெறும் ஓடுகள். வயிற்றுப் பக்கம் ஓட்டை போட்டு உள்ளே இருந்ததை உறிஞ்சி எடுத்துவிட்டு, மடக்கின கைகால்களை அப்படியே விட்டுவைத்திருந்தன. பாதிப் புழுக்கள் கறுத்துச் சுருங்கிக் கிடந்தன. மீதி, அந்த ஓடுகளுக்கு மேலேயே ஊர்ந்துகொண்டிருந்தன. கூடையிலிருந்த கேரட்டும் அழுகிப்போயிருந்தது. அதை அப்படியே கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினாள். நாளைக்கு டிரேக்களையும் கொட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

மறுநாள் வீடு அமைதியாக இருந்தது. வந்த நாளிலிருந்து இல்லாத அமைதி. எல்லாம் செத்துவிட்டன போலும் என்று குப்பைப் பையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள்.

விளக்கைப் போட்டாள்.

எல்லா டிரேயிலும் கேரட் இருந்தது.

மெல்லிசாக, சாய்வாகச் சீவி, ஓரத்திலிருந்து ஓரம்வரை வரிசை கட்டி வைத்திருந்தது. புழுக்கள் அதில் ஒட்டிக்கொண்டு அசையாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தன. செத்தவற்றைக் காணோம். தவிடு சலித்துப் புதிதாக இருந்தது. அலமாரியின் மேல்தட்டில் ஒரு டப்பா. அதற்குள் காகிதம் விரித்து, புதிதாய்ச் சுருண்ட வெள்ளைக் கூட்டுப்புழுக்கள். ஒன்றையொன்று தொடாமல், ஒரே பக்கம் தலை வைத்துப் படுக்கவைத்திருந்தது.

அவள் அடுப்படிக்கு ஓடினாள். கூடை காலி. அழுகின கேரட் குப்பையில் அப்படியே கிடந்தது.

கத்தி ஈரமாக இருந்தது.

பக்கத்து வீட்டில் போய் விசாரித்தாள். சாவி யாரிடமும் இல்லை. திரும்பி வந்து பறவைக்கடைக்காரருக்குப் போன் போட்டு, இருக்கிற எல்லாவற்றையும் இன்றைக்கே எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். காசு வேண்டாம் என்றாள். அவர் வண்டியோடு வந்தார். பெரிய உடம்பு, மெல்லிய குரல். ஒவ்வொரு டிரேயாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கம்மா. பாத்தா அக்கா கை மாதிரியே இருக்கு."

அவள் அடுத்த டிரேயை எடுத்து நீட்டினாள்.

"நீங்கதானே பாத்துக்கிட்டீங்க?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் பழகின வாய்.

"ஆமாங்க," என்றாள்.

அவர் சட்டென்று பின்னறைப் பக்கம் திரும்பினார். "உள்ள யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லையே. ஏங்க?"

"இல்ல, யாரோ செருமின மாதிரி இருந்துச்சு." அதற்குமேல் அவர் நிற்கவில்லை. அலமாரியையும் சேர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார்.

பின்னறை காலியானது. தரையில் தவிட்டுத்தூளும் அலமாரிக் கால்களின் துருத்தடமும் மட்டும் மிச்சம். பெருக்கிவிட்டுக் கதவைப் பூட்டினால் தீர்ந்தது. துடைப்பத்தை எடுத்தாள்.

சத்தம் தொடங்கியது.

புழுக்களின் சத்தம் இல்லை. அதை எத்தனை நாள் கேட்டிருக்கிறாள். இது ஒரே இடத்திலிருந்து வந்தது. அலமாரி நின்ற மூலையிலிருந்து, தரையோடு தரையாக. காய்ந்த ஒன்று காய்ந்த இன்னொன்றில் ஒட்டி, மெல்லப் பிரிந்தது. மறுபடி ஒட்டியது.

நாக்கும் உதடும்.

விளக்கைப் போட்டாள். எரியவில்லை. ஜன்னலில் அடித்திருந்த கறுப்புத் துணியைப் பிடித்து இழுத்தாள். ஒரு முனை மட்டும் கிழிந்து கத்திமாதிரி ஒரு கீற்று வெயில் தரையில் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் தவிட்டுத்தூள் கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொஞ்சம் நகர்ந்தது. பின்னால் வந்தது. மறுபடி நகர்ந்தது.

யாரோ தரையில் கன்னத்தை வைத்து மூச்சு விடுகிறார்கள்.

துடைப்பம் கையிலிருந்து நழுவியது. ஓட வேண்டும் என்று கால் சொன்னது. ஓடவில்லை. ஓடினால் இது இங்கேயே கிடந்து காய்ந்துகொண்டிருக்கும் என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நிலைப்படியில் முதுகை ஒட்டி மெல்லச் சரிந்து உட்கார்ந்தாள்.

"நான் கேரட் வைக்கலக்கா," என்றாள். "ஒரு நாள்கூட வைக்கல. தூங்குமூஞ்சிங்களையும் எடுக்கல. எல்லாத்தையும் அதுங்க தின்னுடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு வழியில்லாம ஒண்ணும் இல்ல. டிவி பாத்துக்கிட்டு இருந்தேன்."

சத்தம் நின்றது.

அந்த நிசப்தம் இன்னும் மோசமாக இருந்தது. அக்கா ஏசுவாள் என்று காத்திருந்தாள். ஏசமாட்டாள் என்பதும் தெரியும். சின்ன வயதில் அக்காவின் தையல் ஊசியை முறித்துவிட்டு ஒளிந்துகொண்டபோதுகூட, விரலில் குத்திக்கொண்டாயா என்றுதான் அவள் முதலில் கேட்டாள்.

மூலையிலிருந்து காற்று மாதிரி ஒரு குரல் வந்தது.

"வந்துட்டியா."

அவ்வளவுதான். கேள்வியாகக்கூட இல்லை.

சின்னவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். கிண்ணத்தில் தண்ணீர் பிடித்தாள். அக்காவின் துணிப்பெட்டியிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துக் கிழித்துக்கொண்டு திரும்பி வந்தாள். துணியை நனைத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, இருட்டுக்குள் கையை நீட்டினாள்.

துணியின் மறுமுனை கவ்வப்பட்டது.

கையை இழுத்துக்கொண்டபோது துணி வெயிலில் உலர்த்தி எடுத்தது போல மொடமொடவென்று இருந்தது. மறுபடி நனைத்தாள். மறுபடி நீட்டினாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

எவ்வளவு கூப்பிட்டும் எடுக்காததால் புருஷன் பயந்துபோய்க் கிளம்பி வந்தார். அவர் வந்தபோது காலை வெயில் கூடம்வரைக்கும் ஏறியிருந்தது. வாசல் கதவு திறந்தே கிடந்தது. பின்னறை நிலைப்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலை கலைந்து, கண் உள்ளே போய், விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. பக்கத்தில் ஒரு குடம்.

"என்னடி இது? ஒரு போன்கூட எடுக்கல. நான் என்னன்னு நெனைக்கிறது?"

"மெதுவாப் பேசுங்க," என்றாள். "அக்காவுக்குத் தாகம். போதவே மாட்டேங்குது."

அவர் அவளைப் பார்த்தார். காலியான அறையைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் குந்தினார். கெட்ட மனுஷன் இல்லை அவர். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கையால் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"எல்லாம் என் தப்புதான். போக வேணாம்னு நான்தானே சொன்னேன். அதையே நெனச்சு நெனச்சு இப்படி ஆயிட்ட. வா, வீட்டுக்குப் போலாம்."

"நீங்க வேணும்னா கொஞ்சம் பிடிங்க. எனக்குக் கை மரத்துப்போச்சு."

பைத்தியத்தோடு வாதாடக் கூடாது என்று நினைத்தாரோ, அவள் ஆசைக்கு ஒருமுறை செய்துவிட்டால் எழுந்து வருவாள் என்று நினைத்தாரோ, அவள் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டார். குடத்தில் முக்கினார். அவளைப் பார்த்து, சரிதானே என்பது போலச் சிரித்துத் தலையை ஆட்டிவிட்டு, மூலையிருட்டுக்குள் கையை நீட்டினார்.

முகத்திலிருந்த அந்தச் சமாதானச் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, போனது.

கையை அவர் இழுத்துக்கொள்ளவில்லை. வெகுநேரம் நீட்டியபடியே இருந்தார். வெளியே சந்தில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவர் நெற்றியில் வியர்வை திரண்டு மூக்கு நுனிவரை வந்து சொட்டியது.

"குடத்துல எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். உதடுதான் அசைந்தது.

"அடியில கொஞ்சம்."

"இன்னும் பிடிச்சிட்டு வா," என்றார்.